மர வீட்டில் சொம்புக் குளியல்

என் அம்மாவுக்கு ஓட்டல் அறை பிடிக்காது. "நீளமா ஒரு தாழ்வாரம், ரெண்டு பக்கமும் நம்பர் போட்ட கதவு. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குடா" என்பார். கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தவரைக் கடல் பக்கம் எங்கேயாவது கூட்டிப்போகலாம் என்று 2023 ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கு மூன்று டிக்கெட் போட்டேன். ஓட்டல் வேண்டாம், பழைய வீடு ஏதாவது பார் என்று சொன்னது என் மனைவி.

ஹாலிஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக் கொல்லையில் முப்பது வருடம் செடி வளர்த்தவர். ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் நடுவே பப்ளிக் கார்டன்ஸ் என்று 16 ஏக்கரில் விக்டோரியா மகாராணி காலத்துப் பூந்தோட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு நடந்து போகிற தூரத்தில் அறை கிடைத்தால் காலையிலும் சாயங்காலமும் அவர் பாட்டுக்குப் போய்வரலாம்.

கிடைத்தது. சவுத் பார்க் தெருவை ஒட்டிய சின்னத் தெரு ஒன்றில், 1870களில் கட்டிய மூன்றடுக்கு மர வீடு. தோட்டத்தின் பெரிய இரும்புக் கேட்டுக்கு ஆறு நிமிட நடை, அம்மாவின் நடையில் பத்து. கீழே பின்கட்டில் வீட்டுக்காரம்மா குடியிருக்கிறார். மீதி அறைகளை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் அவரே சமைத்துப் போடுகிறார். பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்பது இதுதான். வீட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

முதல் தவறு அறையைப் பிடித்தபோதே நடந்துவிட்டது. இணையத்தில் பார்த்த படங்கள் அவ்வளவு அழகு. வெளியே புடைத்து நிற்கும் ஜன்னல், ஒட்டுத்துணி தைத்த மெத்தை விரிப்பு, சாய்ந்த கூரைக்குக் கீழே இரண்டு கட்டில்கள். மூன்று பேருக்கு ஒரே அறை என்றதும் பணத்தைக் கட்டிவிட்டேன். கூரை ஏன் சாய்ந்திருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். அது உச்சி மாடி. இந்த வயது வீட்டில் லிஃப்ட் இருக்காது. கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்குப் போகும் படிக்கட்டு கல்யாண மண்டபத்துப் படி மாதிரி அகலமாக இருக்கும். அதற்கு மேலே போகும் படி, அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் ஏறி இறங்கியது. குறுகலாக, செங்குத்தாக, நடுவில் ஒரு திருப்பத்தோடு. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மொத்தம் 38 படி என்று மூச்சிரைக்க எண்ணிச் சொன்னது அவர்தான்.

படிக்கட்டை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. அதனால் பழைய வீட்டில் தங்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். எந்த மாடி, எத்தனை படி, கைப்பிடி ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, குளியலறை அறைக்குள்ளேயா தாழ்வாரத்துக்கு எதிரேயா, கட்டில் எவ்வளவு உயரம். கட்டிலைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கட்டில்கள் இடுப்பளவு உயரம். அம்மா ஏறுவதற்குக் கீழே ஒரு மரப்படி போட்டு வைத்திருந்தார்கள். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் அது காலைத் தட்டிவிடும். ஏசி பற்றியும் கேளுங்கள். எங்கள் அறையில் இல்லை. கடல் காற்று இருப்பதால் ஹாலிஃபாக்ஸில் ஆகஸ்ட் ராத்திரிகூடக் குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் கூரைக்கு அடியில் இருக்கும் அறை பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜன்னலைத் தூக்கி, விழாமல் இருக்க ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். குச்சியும் அறையிலேயே இருந்தது, வருடக்கணக்கில் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது.

இரண்டாவது தவறு நேரம். ஓட்டல் என்றால் நடுராத்திரி போனாலும் வரவேற்பில் ஒருவர் கொட்டாவி விட்டபடி நிற்பார். இங்கே மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். போதாததற்கு, ஹாலிஃபாக்ஸ் கடிகாரம் டொரண்டோவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் போல. 320ஆம் நம்பர் பஸ் நேராக ஊருக்குள் கொண்டுவந்து விடும், டாக்சியைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் அந்த நேரத்தில் அம்மாவையும் மூன்று பெட்டிகளையும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க மனமில்லை, டாக்சிதான் பிடித்தோம். வீட்டு வாசலுக்குப் போனபோது மணி பத்தரை. நல்ல வேளை, டொரண்டோவில் விமானம் ஏறும் முன்பே மனைவி போன் செய்து சொல்லியிருந்தார். சாவிப் பெட்டியின் எண்ணைச் சொல்லிவிட்டு, "மூன்றாவது படி கத்தும், ஓரமாகக் கால் வையுங்கள், கீழே ஒரு தம்பதி தூங்குகிறார்கள்" என்றாராம் வீட்டுக்காரம்மா. ஓரமாகத்தான் வைத்தோம். அப்படியும் கத்தியது.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை. அம்மாவுக்குக் காபி வேண்டும். பில்டரும் பொடியும் பெட்டியில் இருக்கின்றன, வெந்நீருக்கு வழியில்லை. அறைக்குள் எந்த அடுப்பும், மெழுகுவத்தியும், ஊதுவத்தியும் கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் முதல் விதியே எழுதியிருந்தது. நூற்றைம்பது வருடம் காய்ந்த மரம், அவர்கள் பயம் நியாயம்தான். அம்மா விளக்கேற்றுவதற்குக் கொண்டுவந்திருந்த அகல் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. காபிக்கு வழி முதல் மாடித் தாழ்வாரத்தில் கிடைத்தது. அங்கே ஒரு மேசை, அதன் மேல் மின்சாரக் கெட்டில், டீப் பைகள், குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் பால். அம்மா இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் டிகாஷன் இறக்கி, ஏழு கிண்ணம் பாலை உடைத்து ஊற்றிக் காபி கலந்துகொண்டார். வாசனை வீடு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா ட்ரெஸ்ஸிங் கவுனோடு எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவின் முழங்காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "இன்றைக்குப் பதினொரு மணிக்கு முதல் மாடி முன்னறை காலியாகிறது. ஒரு மடக்குக் கட்டில் போட்டுத் தருகிறேன், மாறிக்கொள்ளுங்கள்" என்றார். கூடுதலாக ஒரு பைசா கேட்கவில்லை. இந்த நல்ல மனதுக்கு மறுநாள் நாங்கள் செய்த கைம்மாறைப் பிறகு சொல்கிறேன்.

காலைச் சாப்பாடு எட்டரைக்கு, எல்லோருக்கும் ஒரே நீள மேசை. முன்பின் தெரியாதவர்களோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதற்குத் தயாராகத்தான் வர வேண்டும். மனைவி அறை பிடிக்கும்போதே 'வெஜிடேரியன்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பினால் போதாது. புளூபெர்ரி போட்ட பான்கேக் வந்தது, அதில் முட்டை. பக்கத்தில் இனிப்பாக வேகவைத்த பீன்ஸ். அந்தப் பக்கத்தில் அதைச் செய்யும் பழைய முறையில் உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு சேரும். மனைவி சந்தேகப்பட்டுக் கேட்டதால் தெரிந்தது. அந்த அம்மாள் முகம் வாடிப்போய்விட்டது, எங்களுக்கும் சங்கடம். அதற்கப்புறம் ஒரு தாளில் எழுதியே கொடுத்தோம்: மாமிசம், மீன், முட்டை, மிருகக் கொழுப்பு கூடாது, பால், வெண்ணெய், தயிர் சரி. மறுநாள் ஓட்ஸ் கஞ்சியும், கைநிறையக் காட்டுப் புளூபெர்ரியும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் தனித் தட்டில் வந்தன. ஆகஸ்ட்தான் அந்தப் பழத்துக்குச் சீசன். கடையில் வாங்குவதில் பாதி அளவுதான் இருக்கும், ருசி இரண்டு மடங்கு. அம்மா கஞ்சிக்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டார்.

தோட்டம் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. எட்டரைக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்காகவே பக்கத்தில் தங்க வேண்டும் என்று சொல்வேன். சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்கள் கூட்டமாக வந்து சேர இன்னும் நேரம் இருக்கும். பாதையெல்லாம் ஈரம். தோட்டக்காரர்கள் பாத்திகளுக்குள் குனிந்து வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அம்மா முதல் நாளே அவர்களை நோட்டம் விட்டுவிட்டார். "கிள்ளறது சரியாத்தான் கிள்றாங்க" என்று சான்றிதழும் கொடுத்தார்.

இந்தத் தோட்டத்துக்கு இரண்டு பிறப்பு. 1836இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் ஒன்று ஒரு பக்கம் தோட்டம் போட்டது. அதை ஒட்டி, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நுழையக்கூடிய தோட்டம் 1867இல் வந்தது. 1874இல் நகராட்சி இரண்டையும் ஒன்றாக்கியது. 1872இலிருந்து கண்காணிப்பாளராக இருந்த ரிச்சர்ட் பவர் என்ற அயர்லாந்துக்காரர் போட்ட அமைப்புதான் பெரும்பாலும் இன்றைக்கும் இருக்கிறது. வளைந்து போகும் பாதை, குளம், நடுவில் 1887இல் மகாராணியின் ஐம்பதாவது ஆட்சி ஆண்டுக்காகக் கட்டிய பாண்டு மேடை, அதைச் சுற்றி ஜமக்காளம் விரித்த மாதிரி வண்ணச் செடிகளை நெருக்கி நட்டு, கத்தரித்து உருவாக்கிய பாத்திகள். அம்மா கல்லூரி நாளில் ஊட்டி பார்த்தவர். "அதே கைதாண்டா, அதே வெள்ளைக்காரன் கை" என்றார்.

வெப்பநாட்டுச் செடிகள் என்று ஒரு பாத்தி தனியாக வைத்திருக்கிறார்கள். நடுவில் ராஜா மாதிரி ஆனைக்கற்றாழை. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊர்ல ஆடு நுழையாம இருக்க வேலியில நடுவோம். இங்க மனுஷன் தொடாம இருக்க இதுக்கு வேலி."

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: நாய், சைக்கிள் உள்ளே கூடாது. வாத்துக்கு ரொட்டி போடக் கூடாது. குளிர்காலத்தில் பூ இருக்காது, அதனால் டிசம்பரில் போய்விட்டுப் பூ எங்கே என்று கேட்காதீர்கள். பூவுக்காகவே போகிறவர்கள் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் போனால் டேலியா உச்சத்தில் இருக்கும். அம்மா டேலியாப் பாத்திக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

ஆனால் சனிக்கிழமை அவரை நிற்க வைத்தது பூ இல்லை, மரம். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2022 ஜூலையில் ஒரு ராத்திரி, யாரோ உள்ளே புகுந்து கிட்டத்தட்ட 30 மரங்களின் பட்டையைச் சுற்றிலும் வெட்டி உரித்துவிட்டார்கள். ஒரு மரத்தைக் கொல்ல அதைச் சாய்க்க வேண்டியதில்லை. இலை சமைத்த உணவு வேருக்குப் போவது பட்டை வழியாகத்தான். சுற்றுவட்டமாகப் பட்டையை எடுத்துவிட்டால் நின்றபடியே பட்டினியில் சாகும். காப்பாற்றுவதற்காகச் சில மரங்களில் வெட்டுக்கு மேலேயும் கீழேயும் சின்னக் குச்சிகளைச் சொருகிப் பாலம் மாதிரி ஒட்டுக் கட்டியிருந்தார்கள். நான் இதை போனில் படித்துச் சொன்னதும் அம்மா, "மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டற மாதிரிதானே" என்று மரத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். அதற்கும் முன்னால் 2003 செப்டம்பரில் ஜுவான் புயல் வந்து தோட்டத்தின் பழைய மரங்களில் நிறையவற்றைச் சாய்த்திருக்கிறது. கஜா அடித்த வருடம் எங்கள் தென்னை நான்கு போனது. அம்மாவுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு எட்டரைக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் சாப்பிடப் போனோம்.

பதினொரு மணிக்கு அறை மாறினோம். முதல் மாடி முன்னறை. உயரமான கூரை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலில் ஒரு கண்ணாடி மட்டும் தண்ணீர் மாதிரி அலையடித்தது. 1917 டிசம்பர் 6 காலையில் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய மோன் பிளான் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்து வெடித்தபோது ஊர் முழுக்கக் கண்ணாடி நொறுங்கியது. செத்தவர்கள் 2,000 பேருக்குக் கிட்டத்தட்ட. எரிகிற கப்பலை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்து, வெடித்ததும் கண்ணாடி குத்திக் கண் போனவர்கள் ஏராளம். இந்த ஒரு கண்ணாடி அன்றைக்குத் தப்பியது என்று வீட்டில் சொல்வார்களாம். "நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, ஆனால் மாற்றவும் மனமில்லை" என்றார் வீட்டுக்காரம்மா. குளியலறையும் அறைக்குள்ளேயே இருந்தது. நாலு கால் வைத்த இரும்புத் தொட்டி. படத்தில் பார்க்கும்போது மனைவி ஆசைப்பட்டது. கீழ்த்தளத்தில் நேர் கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

மதியம் சிட்டாடல் கோட்டையில் பீரங்கி வெடித்தது. 1857இலிருந்து கிறிஸ்துமஸ் தவிர தினமும் பன்னிரண்டு மணிக்கு வெடிக்கிறார்கள். கோட்டை தோட்டத்துக்குப் பக்கத்துக் குன்றுதான். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். நான் சொல்லவில்லை, அம்மா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டார். சாயங்காலம் துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருக்கும் டார்ட்மவுத்துக்குப் படகில் போய்வந்தோம். 1752இலிருந்து அந்தத் துறைக்குப் படகு ஓடுகிறது, பஸ்ஸுக்குக் கொடுக்கும் கட்டணமே அதற்கும். காசு கொடுத்து ஏறும் சுற்றுலாப் படகுகளைவிட எனக்கு இது பிடித்தது. டைட்டானிக்கில் இறந்தவர்கள் 121 பேரைப் புதைத்த கல்லறைத் தோட்டமும் ஊரில் இருக்கிறது. அம்மா "அது எதுக்கு" என்றார், விட்டுவிட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை.

தொட்டிக்குள் ஏறிக் குளிப்பது அம்மாவுக்கு முடியாத காரியம். விளிம்பு தொடைக்கு மேலே வருகிறது. உள்ளே வழுக்கும். எங்கள் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த ஷவர் அறை, தரையோடு தரையாக நடந்து போகலாம். அதனால் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. அம்மா யாரையும் எழுப்பவில்லை. குப்பைக்கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவி வாளியாக்கிக்கொண்டார். எங்கே போனாலும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் பித்தளைச் சொம்பை எடுத்தார். தொட்டிக்கு வெளியே, தரையில் நின்று, ஊரில் குளிப்பதைப் போலவே தலைக்கு ஊற்றிக் குளித்தார். தலை முழுக்கு வேறு.

ஊரில் குளியலறைத் தரை சரிவாக இருக்கும், மூலையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கும். இந்த நாட்டு வீடுகளில் அது கிடையாது. இந்த வீட்டில் பலகைமேல் பழைய ஓடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் ஓட்டின் இடுக்கில் இறங்கி, பலகையில் இறங்கி, மரச்சட்டத்தில் சுண்ணாம்பு பூசிய கீழ்த்தளக் கூரையில் ஊறி, ஏழே முக்கால் மணிக்கு, மேசைமேல் அடுக்கியிருந்த தட்டுகளில் சொட்டியது. நேர் கீழே சாப்பாட்டறை.

கதவு தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்காரம்மா இரண்டு கை நிறையத் துண்டோடு நின்றார். குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தால் குப்பைக்கூடை, சொம்பு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மா. என்ன நடந்தது என்று நான் ஆங்கிலத்தில் விளக்கியதைத் திரும்ப எழுதக்கூட விருப்பமில்லை. நானும் மனைவியும் மண்டியிட்டுத் துடைத்தோம், ஒன்பது துண்டுகள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, "நான் என்ன பண்ணேன், குளிச்சேன்" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். குளித்தார். சொல்லிக்கொடுக்க வேண்டியது நான்.

வீட்டுக்காரம்மா கோபப்பட்டார். அதை மறைக்க முயற்சியும் செய்யவில்லை. "இந்தக் கூரையை இன்னொரு முறை பூச ஆள் கிடைக்காது" என்றார். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இப்போது குறைவு. செலவை நான் தருகிறேன் என்றேன். காயட்டும், பார்க்கலாம் என்று போய்விட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் சமையலறையில் நின்றபடி சாப்பாடு. மேசையில் எதிரே உட்கார்ந்து முதல் நாள் நன்றாகப் பேசிய தம்பதி, இன்று எங்களைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அம்மா, அத்தை, மாமனார் யாரையாவது இப்படிப்பட்ட வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் நாளே குளியலறைக்குள் கூடவே போய், தண்ணீர் எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்று காட்டிவிடுங்கள். நிற்கும் ஷவர் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். தொட்டிதான் என்றால் ரப்பர் விரிப்பு ஒன்று கேளுங்கள். விளிம்பில் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே திருப்பி இறக்கச் சொல்லுங்கள். நின்றபடி காலைத் தூக்கித் தாண்டக் கூடாது. சொம்பு தாராளமாகக் கொண்டுபோகலாம், சொம்பும் ஆளும் தொட்டிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை அம்மா அப்படித்தான் குளித்தார். மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆத்துல உக்காந்த மாதிரி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தோட்டத்துப் பாண்டு மேடையில் வாசிப்பு இருந்தது. கோடையில் ஞாயிறுதோறும் நடக்கும், டிக்கெட் கிடையாது. நாற்காலி சீக்கிரம் நிரம்பிவிடும், அரை மணி நேரம் முன்னால் போவது நல்லது. வெளியே இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் போனோம். எனக்கு வாசிப்பில் மனம் செல்லவில்லை, அந்தக் கூரைதான் கண்ணுக்குள் இருந்தது. திரும்பும்போது தோட்டத்துக்கு மேற்கே, தெருவைத் தாண்டினால் இருக்கும் கேம்ப் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தோம். பெரிய மரங்கள், ஆள் நடமாட்டமே இல்லை. வயோலா டெஸ்மண்டைப் புதைத்திருப்பது அங்கேதான். 1946இல் நியூ கிளாஸ்கோ ஊர் சினிமாக் கொட்டகையில் வெள்ளையர் உட்காரும் இடத்திலிருந்து எழுந்திருக்க மறுத்ததற்காகக் கைதான கறுப்பினப் பெண், இதே ஹாலிஃபாக்ஸ்காரர். கனடாவின் 10 டாலர் நோட்டில் இருக்கும் முகம். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டிய நோட்டு அது. "எழுந்திருக்க மாட்டேன்னதுக்கா நோட்டுல போட்டாங்க?" என்று கேட்டு, இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டுக்காரம்மா பின்பக்கத் தோட்டத்தில் இருந்தார். அவரிடமும் டேலியா இருந்தது, எட்டுப் பத்துச் செடி, எல்லாம் சின்னப் பூவாக. அம்மா நேரே அங்கே போய்விட்டார். நான் மொழிபெயர்க்கப் போவதற்குள் இருவரும் குனிந்தாயிற்று. ஒரு தண்டில் நடுவில் ஒரு மொட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் வரும். பக்க மொட்டு இரண்டையும் கிள்ளிவிட்டால் நடு மொட்டு பெரிதாகப் பூக்கும். அம்மா ஒன்றைக் கிள்ளிக் காட்டினார். அந்த அம்மாள் திடுக்கிட்டு, பிறகு தானும் ஒன்றைக் கிள்ளினார். இருபது நிமிடம் நடந்த இந்தப் பேச்சில் இருவரும் பேசிய சொற்கள் மொத்தம் நான்கைந்து இருக்கும், "நோ நோ" உட்பட.

திங்கட்கிழமை கணக்கு முடித்தோம். காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஒரு இரவுக்கு 210 டாலர் என்று பார்த்துப் பிடித்தேன். அதற்கு மேல் 15 சதவீத விற்பனை வரி, நகரத்தின் அறை வரி தனி. ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விற்பனை வரி 2025 ஏப்ரலிலிருந்து 14 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. மூன்று பேருக்குக் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓட்டலுக்குச் சமம்தான் வருகிறது. மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். ரத்து செய்வதிலும் கெடுபிடி. ஐந்து அறை வைத்திருப்பவருக்கு ஒரு அறை காலியானால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது, எங்கள் வீட்டில் 14 நாள் முன்னால் சொன்னால்தான் முன்பணம் திரும்பும். விளம்பரத்தில் மாகாண அரசின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே வாடகைக்கு விடுகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கார் எடுக்காதீர்கள், ஊருக்குள் எல்லாம் நடைதூரம்தான், தெருவில் நிறுத்த இடம் தேடியே விடுமுறை போய்விடும். துறைமுகத்துப் பக்கம் இறக்கம் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் திரும்பும்போது பஸ் பிடியுங்கள்.

கூரை காய்ந்து சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு பழுப்புக் கறை விட்டிருந்தது. சுண்ணாம்பு பெயரவில்லை, பெயின்ட் அடித்தால் போதும் என்றார் வீட்டுக்காரம்மா. நான் நூறு டாலரை நீட்டினேன். டப்பா என்ன விலை என்று கடைக்குப் போன் செய்து கேட்டு, 62 டாலர் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியையும் ஒரு ரசீதையும் கொடுத்தார். பெயின்ட் நிறத்தின் பெயர்கூட ரசீதில் இருந்தது.

போன வருடக் கோடையில் என் அலுவலக நண்பர் குடும்பத்தோடு அதே வீட்டில் தங்கினார். இடத்தைச் சொன்னது நான்தான், சொம்புக் கதையைச் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரியே கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் விதித் தாளைப் படமெடுத்து அனுப்பி, "இது என்னய்யா, யாரோ நம்மூர்க்காரன் வேலையா இருக்கே" என்று கேட்டிருந்தார். ஏழு விதிகள் அச்சில். எட்டாவது, நீல மையில், கையால் எழுதியது: தொட்டிக்கு வெளியே நின்று குளிக்க வேண்டாம், வாளியும் ஸ்டூலும் வேண்டுமானால் கேளுங்கள், கீழே இருக்கிறது.